அரைக் கிலோ கொண்டைக்கடலை, நாலு பேர், மூன்று வேளை: விலை ஏறும்போது வீட்டில் சமைப்பது எப்படி

விலை ஏறினால் எல்லோரும் முதலில் கடையில்தான் கையைச் சுருக்குவோம். தப்பில்லை. ஆனால் ஒரு மாதம் சாப்பாட்டுச் செலவை நோட்டில் எழுதிப் பார்த்தபோது, என் வீட்டில் காசு வேறு இரண்டு வழியாகப் போயிருந்தது தெரிந்தது. ஒன்று, வேலை முடிந்து பசியோடு வந்து நிற்கும்போது அடுப்படியில் வெந்த பொருள் ஒன்றுகூட இல்லாமல், "சரி, இன்னைக்கு மட்டும் வெளியே வாங்கிக்கலாம்" என்று சொன்ன நாட்கள். இன்னொன்று, ஃப்ரிட்ஜின் அடித்தட்டில் கொழகொழவென்று ஆகி, மூக்கைப் பிடித்துக்கொண்டு குப்பையில் போட்ட காய்கள். இந்த இரண்டையும் அடைத்தாலே போதும், விலைவாசியின் பாதி அடியைத் தாங்கிவிடலாம் என்பது என் கணிப்பு. கீழே சொல்லும் முறை முழுக்க அதற்குத்தான். சமையல் புதிது என்றாலும் பயப்பட வேண்டாம், இதில் கைப்பக்குவம் என்று பெரிதாக ஒன்றும் தேவையில்லை.

படி 1: கடைக்குப் போகும் முன் ஃப்ரிட்ஜைத் திறங்கள்

என்ன சமைக்கலாம் என்று யோசிக்காதீர்கள், எது முதலில் கெடும் என்று பாருங்கள். கீரை, வெட்டிய தக்காளி, பாதி மிச்சமான தயிர், இரண்டு நாள் பழைய ரொட்டி, இவற்றையெல்லாம் எடுத்துக் கண்ணுக்கு நேரான தட்டில் முன்னால் வையுங்கள். இன்றும் நாளையும் சமைப்பது அந்தத் தட்டிலிருந்துதான். முட்டைக்கோஸ், கேரட், உருளைக்கிழங்கு, வெங்காயம் காத்திருக்கும், அவற்றுக்கு அவசரமில்லை. ஒரு சின்னக் குறிப்பு: உருளைக்கிழங்கையும் வெங்காயத்தையும் ஒரே கூடையில் போடாதீர்கள், சீக்கிரம் முளைவிடும். உருளைக்கிழங்கு வெளிச்சம் படாத இடத்தில் இருக்கட்டும். பெரிய அளவில் பச்சையாகிவிட்ட, கசக்கிற கிழங்கைச் சிக்கனம் பார்த்துச் சாப்பிட வேண்டாம், அதில் நச்சு சேர்ந்திருக்கும்.

பாக்கெட்டில் உள்ள தேதியைப் பார்த்துப் பதறி வீசுபவர்களும் உண்டு. "இந்தத் தேதிக்குள் பயன்படுத்தவும்" என்று இருந்தால் அது உடல்நலம் சம்பந்தப்பட்டது, மீறக் கூடாது. "இந்தத் தேதி வரை சிறப்பாக இருக்கும்" என்றால் சுவையும் மணமும் பற்றியது, அதைத் தாண்டினால் முகர்ந்து பார்த்து முடிவெடுக்கலாம்.

படி 2: வாங்கும் எடையை விடுங்கள், தட்டில் விழும் எடையைப் பாருங்கள்

பெரிய பாக்கெட் என்றால் மலிவு என்று நம் கை தானாகப் போகும். 400 கிராம் பாக்கெட்டில் 36 என்றும், அதே பொருள் ஒரு கிலோ பாக்கெட்டில் 95 என்றும் எழுதியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள், எந்த நாட்டுக் காசாக இருந்தாலும் சரி. 100 கிராமுக்கு முதலாவது 9, இரண்டாவது 9.5. பெரியதுதான் விலை கூடுதல்! கடையில் நின்று ஃபோனில் ஒரு வகுத்தல் போட அரை நிமிடம் ஆகுமா?

அடுத்தது, கழிவு. தோலோடு இருக்கும் ஒரு கிலோ பச்சைப் பட்டாணியை உட்கார்ந்து உரித்துப் பாருங்கள், பாதிகூடத் தேறாது. அதனால் கிலோ விலை கூடுதலாகத் தெரியும், உரித்து உறைய வைத்து விற்கும் பட்டாணி சில சமயம் உண்மையில் மலிவாக அமையும், உரிக்கிற வேலையும் மிச்சம்.

புரதத்துக்கும் இதே பார்வைதான். 100 கிராம் காய்ந்த கொண்டைக்கடலையில் சுமார் 20 கிராம் புரதம் இருக்கிறது. ஒரு பெரிய முட்டையில் சுமார் 6 கிராம். அதாவது இரண்டு கைப்பிடிக் கடலை, மூன்று முட்டைக்குச் சமம். உங்கள் ஊர் விலையை வைத்து எது மலிவு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். என் கணக்கில் பெரும்பாலும் பயறும் பருப்பும்தான் ஜெயிக்கிறது, அதனால்தான் அடுத்த படி இவ்வளவு நீளம்.

படி 3: பெரிய பானையில் ஒரே தடவையாகப் பயறு

வாரத்தில் ஒரு நாள், அரைக் கிலோ கொண்டைக்கடலை. வேறு பயறு வேண்டுமானாலும் இதே முறைதான் (சிவப்புக் காராமணி மாதிரி இருக்கும் ராஜ்மாவுக்கு மட்டும் தனி எச்சரிக்கை, கீழே சொல்கிறேன்).

முதல் நாள் இரவு கல், சொத்தை பொறுக்கி, கழுவி, கடலைக்கு மூன்று மடங்கு தண்ணீர் ஊற்றி, ஒரு தேக்கரண்டி உப்பும் போட்டு ஊற வையுங்கள். உப்பு போட்டால் வேகாது என்று பலர் சொல்வார்கள், ஊறும் தண்ணீரில் அது நேர்மாறு: தோலை இறுக்கிப் பிடித்திருக்கும் கால்சியம், மக்னீசியத்தின் இடத்தில் உப்பின் சோடியம் போய் உட்கார்ந்துகொள்ளும், தோல் மெத்தென்று ஆகும். காலையில் பார்த்தால் கடலை உருண்டு திரண்டு ஏறக்குறைய இரு மடங்காகியிருக்கும். ஒன்றைக் கடித்துப் பாருங்கள். நடுவில் வெள்ளையாக, மாவு மாதிரி உலர்ந்த புள்ளி தெரிந்தால் இன்னும் இரண்டு மணி நேரம் விடுங்கள்.

ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீர் கடலைக்கு மேல் இரண்டு விரல் அளவு நிற்கும்படி ஊற்றி அடுப்பில் வையுங்கள். முதலில் பொங்கும் நுரையை எடுத்துவிடுங்கள். தண்ணீர் கொதித்ததும் தீயைக் குறைத்து மூடி போடுங்கள். தளதளவென்று கொதித்தாலும் மெல்லக் குமிழிவிட்டாலும் தண்ணீரின் சூடு ஏறக்குறைய அதே 100 டிகிரிதான், பெரிய தீ வைத்தால் எரிபொருள் ஆவியாகப் போகும், அவ்வளவுதான். குக்கர் இருந்தால் இன்னும் லாபம். உள்ளே அழுத்தம் ஏறுவதால் சூடு சுமார் 120 டிகிரி வரை போகும், திறந்த பானையில் ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ எடுக்கும் கடலை கால் மணி நேரத்தில் வெந்துவிடும். குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள், பயறு நுரைத்து ஆவித்துளையை அடைத்துக்கொள்ளும்.

வெந்ததா என்று பார்க்க ஒரே சோதனை: ஒரு கடலையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அமுக்குங்கள். வெண்ணெய் மாதிரி நசுங்க வேண்டும், மணல் மாதிரி உதிரக் கூடாது. ஐந்து கடலையாவது பாருங்கள், ஒன்று வெந்திருந்தால் எல்லாம் வெந்ததாக ஆகாது.

இங்கே நான் கற்ற பாடம். முதல் தடவை வேலை மிச்சம் என்று நினைத்துத் தக்காளி, புளிப்பு, மசாலா எல்லாவற்றையும் ஆரம்பத்திலேயே கடலையோடு போட்டுவிட்டேன். இரண்டு மணி நேரம் கொதித்த பிறகும் கடலை கூழாங்கல் மாதிரியே இருந்தது, தக்காளி மட்டும் கரைந்து காணாமல் போயிருந்தது. புளிப்பு பயறின் தோலை மிருதுவாக விடாது. எனவே எப்போதும் முதலில் வெறும் தண்ணீரில் வேக வைத்துவிட்டு, அப்புறம்தான் புளிப்பு. கடலை ரொம்பப் பழசு என்றால் எவ்வளவு வேக வைத்தாலும் அடம்பிடிக்கும், அப்போது ஒரு சிட்டிகை சமையல் சோடா உதவும். சிட்டிகை என்றால் சிட்டிகைதான், கூடினால் சோப்பு வாடை.

ராஜ்மா எச்சரிக்கை: சிவப்பு ராஜ்மாவில் இயற்கையாகவே ஒரு நச்சுப் புரதம் உண்டு. குறைந்தது ஐந்து மணி நேரம் ஊற வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் நன்றாகக் கொதிக்கக் கொதிக்க 10 நிமிடம் வைத்தே ஆக வேண்டும், 30 நிமிடம் என்றால் இன்னும் நிம்மதி. மெதுவாகச் சமைக்கும் மின்பானையில் பச்சையாகப் போட்டு மூடிவிட்டுப் போகவே கூடாது, அந்தச் சூடு நச்சை அழிக்காது. அரைவேக்காடு வயிற்றைப் புரட்டிவிடும்.

வெந்த கடலை ஒரு கிலோவுக்கு மேல் வரும். வடித்த தண்ணீரைக் கொட்டாதீர்கள், கெட்டியாக, லேசான பழுப்பாக இருக்கும் அந்த நீர்தான் நாளைக்குச் சூப்.

படி 4: மூன்று பங்காகப் பிரித்து, மூன்று வேறு உருவத்தில்

வீட்டில் ஒரே பயறை மூன்று நாள் வைத்தால் "நேத்தும் இதுதானே" என்று குரல் வரும். நான் மசாலாவை மாற்றி மாற்றிப் போட்டு ஏமாற்றப் பார்த்தேன், பலிக்கவில்லை. வாய்க்கு அலுப்பது சுவையால் அல்ல, பதத்தால்! முழுசாக, மசித்து, பொரித்து என்று உருவம் மாறினால் யாரும் கேட்பதில்லை.

முதல் வேளை: வெங்காயம் இரண்டை மெல்லியதாக நறுக்கி, ஒரு கரண்டி எண்ணெயில், நடுத்தரத் தீயில், ஓரங்கள் பொன்னிறமாகும் வரை பொறுமையாக வதக்குங்கள், கால் மணி நேரம் ஆகும். மலிவான சாப்பாடு சப்பென்று இருக்கிறது என்றால் பெரும்பாலும் இந்தக் கால் மணி நேரத்தை யாரோ ஐந்து நிமிடமாக்கியிருப்பார்கள். அப்புறம் பூண்டு, தக்காளி, உப்பு, உங்களுக்குப் பிடித்த மசாலாத்தூள். மூன்றில் ஒரு பங்கு கடலை, இரண்டு உருளைக்கிழங்கு, கொஞ்சம் கடலைத் தண்ணீர். கிழங்கு வெந்ததும் ஒரு கரண்டி கடலையை ஓரமாக மசித்துக் கலக்குங்கள், குழம்பு தானாகக் கெட்டியாகும். சோறோ ரொட்டியோ, எதற்கும் சேரும்.

இரண்டாம் வேளை: மீதி கடலைத் தண்ணீரில் படி 1-இல் முன்னால் எடுத்து வைத்த காய்கள் எல்லாம். முட்டைக்கோஸின் தண்டு, காலிஃபிளவரின் தண்டு, கேரட் நுனி, எல்லாமே பொடியாக நறுக்கினால் வேகும். கேரட்டைத் தோல் சீவ வேண்டிய அவசியமே இல்லை, நன்றாகத் தேய்த்துக் கழுவினால் போதும். இரண்டாவது பங்கு கடலையை மசித்து இதில் போட்டால் வயிறு நிறையும் சூப்.

மூன்றாம் வேளை: கடைசிப் பங்கைக் கையால் கரகரப்பாக மசித்து, பழைய ரொட்டித்தூளும் பொடி வெங்காயமும் ஒரு முட்டையும் சேர்த்துப் பிசைந்து, உள்ளங்கை அளவு தட்டி, தோசைக்கல்லில் இரண்டு பக்கமும் சிவக்க எடுங்கள். உதிர்ந்தால் ஈரம் போதவில்லை, ஒட்டினால் ரொட்டித்தூள் போதவில்லை. என் வீட்டில் இந்த வேளைக்குத்தான் சண்டையே வரும், கடைசி ஒன்று யாருக்கு என்று.

படி 5: இறைச்சி வேண்டும் என்றால்

நிறுத்த வேண்டாம், பாதியாக்குங்கள். 250 கிராம் கொத்துக்கறியை அகலமான சட்டியில் பரப்பி, கிளறாமல், அடி நன்றாகச் சிவக்கும் வரை விடுங்கள். சட்டியை நெருக்கி நிரப்பினால் தண்ணீர் விட்டு வேகுமே தவிரச் சிவக்காது. சிவந்த பிறகு வெந்த பருப்பு 250 கிராம் சேர்த்துப் பிரட்டினால் கறியின் வாசனை பருப்பிலும் ஏறிவிடும், அரைக் கிலோ கறி சமைத்த மாதிரியே இருக்கும். கோழி என்றால் எலும்பில்லாத துண்டைவிட முழுக்கோழியின் கணக்கைப் பாருங்கள்: தொடை ஒரு வேளை, நெஞ்சு ஒரு வேளை, எலும்பை வெங்காயத் தோலோடு இரண்டு மணி நேரம் மெல்லக் கொதிக்க வைத்தால் அடுத்த சூப்புக்கு நீர் தயார்.

படி 6: எடுத்து வைப்பது

இதில் கவனம் குறைந்தால் மிச்சம் பிடித்ததெல்லாம் மருந்துக்குப் போகும். ஃப்ரிட்ஜ் 5 டிகிரிக்குள் இருக்க வேண்டும். வெந்த பயறு மூன்று நாள் தாங்கும், அதற்கு மேல் என்றால் சமைத்த அன்றே ஃப்ரீசரில்.

சோறுதான் பலர் அசட்டையாக இருக்கும் விஷயம். அரிசியில் இருக்கும் ஒரு வகைக் கிருமியின் வித்துகள் கொதித்தாலும் சாவதில்லை. சோற்றைச் சட்டியோடு மணிக்கணக்கில் வெளியே வைத்தால் அவை பெருகி நச்சை உண்டாக்கும், அந்த நச்சு திரும்பச் சூடு பண்ணினாலும் போகாது. ஆகவே மிச்சச் சோற்றைத் தட்டில் பரப்பி ஆற்றி, ஒரு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்து, மறுநாளே ஆவி பறக்கச் சூடு செய்து தீர்த்துவிடுங்கள். ஒரு தடவைக்கு மேல் சூடு செய்ய வேண்டாம்.

மொத்தமாக வாங்கிய அரிசி, பருப்பில் வண்டு வரும் என்று பயமிருந்தால், வாங்கியதும் பையோடு ஒரு வாரம் ஃப்ரீசரில் வைத்துவிட்டு டப்பாவில் மாற்றுங்கள், முட்டைகளும் செத்துவிடும்.

ஃப்ரீசரில் வைக்கும் ஒவ்வொரு டப்பாவிலும் ஒரு துண்டு டேப் ஒட்டி, பெயரும் தேதியும் எழுதுங்கள். "இது எனக்கே தெரியுமே" என்று நானும் எழுதாமல் விட்டவன்தான், கோழிச்சாறு என்று நினைத்து உருக்கியது கடைசியில் பழச்சாறாக இருந்தது. அன்று சூப் வைக்க வெங்காயம்கூட வதக்கியாகிவிட்டது.