வெள்ளை அபலோன், கருப்பு அபலோன்: ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி?

அபலோன் என்பது பாறையில் ஒட்டிக்கொண்டு பாசி தின்று வாழும் கடல் நத்தை. கலிபோர்னியாக் கடலில் உள்ள இரண்டு அபலோன் இனங்களை வைத்து ஒப்பிடப் பழகலாம். ஒரு தாளில் வெள்ளைக்கு ஒன்று, கருப்புக்கு ஒன்று என இரண்டு நெடுவரிசை போட்டுக்கொள்ளுங்கள்.

படி 1: ஓட்டைப் பாருங்கள்
ஓட்டின் விளிம்பையொட்டி வரிசையாகத் துளைகள் இருக்கும். உள்ளே போன நீர் அவற்றின் வழியாகத்தான் வெளியேறுகிறது. திறந்திருக்கும் துளைகளை மட்டும் எண்ணுங்கள். கருப்பு அபலோனில் பொதுவாக 5 முதல் 7. அந்தத் துளைகள் ஓட்டோடு ஓட்டாகத் தட்டையாக இருக்கும். வெள்ளையில் 3 முதல் 5, துளைகளின் விளிம்பு மேலெழும்பியிருக்கும். வெள்ளையின் ஓடு செம்பழுப்பு நிறம், அதனால் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள்.

படி 2: ஆழத்தைக் குறியுங்கள்
கருப்பு, அலையடிக்கும் கரையோரப் பாறை இடுக்குகளில். வெள்ளை, 20 முதல் 60 மீட்டர் ஆழத்தில்.

படி 3: பாதுகாப்பு நிலையை எழுதுங்கள்
அழியும் ஆபத்திலுள்ள உயிர்களைக் காட்டும் சர்வதேசச் சிவப்புப் பட்டியலில் இரண்டும் 'மிக அருகிய இனம்', அதாவது அழிவின் விளிம்பில் இருப்பவை. அமெரிக்காவின் அருகிய இனங்கள் சட்டத்தில் வெள்ளை 2001-லும் கருப்பு 2009-லும் சேர்ந்தன. அச்சட்டத்தில் இடம்பெற்ற முதல் முதுகெலும்பில்லாத கடல் உயிரி வெள்ளை அபலோன்தான்.

சரி, நிலை ஒன்றுதானே என்று இங்கே நிறுத்திவிடாதீர்கள். அடுத்த படிதான் முக்கியம்.

படி 4: காரணத்தைத் தேடுங்கள்
வெள்ளையை அழித்தது மீன்பிடிப்பு. 1972-ல் மட்டும் சுமார் 65 டன் பிடித்தார்கள். 1996-ல் தடை வந்தும் அது பெருகவில்லை. ஆணும் பெண்ணும் விந்தையும் முட்டையையும் நீரில் விடுகின்றன. பக்கத்தில் துணை இல்லையென்றால் அவை சேர்வதே இல்லை. மிஞ்சியவை அவ்வளவு தள்ளித் தள்ளிக் கிடந்தன. எவ்வளவு வேதனையான நிலை!

கருப்பையும் நிறையப் பிடித்தார்கள்தான். ஆனால் பேரிழப்பு 1980-களின் நடுவில் தொடங்கிய வாடல் நோயால் வந்தது. ஒரு பாக்டீரியா செரிமான உறுப்புகளைத் தாக்குகிறது. தின்றது செரிக்காமல், நத்தை தன் பாதத் தசையையே கரைத்து உயிர் வாழ்கிறது. பாதம் சுருங்கியதும் பாறையில் பிடிப்பு விட்டுப்போகும். நீர் சூடாக இருந்தால் நோய் இன்னும் வேகமாகக் கொல்லும்.

படி 5: என்ன செய்கிறார்கள் என்று சேருங்கள்
வெள்ளையை கலிபோர்னியாவின் போடேகா கடல் ஆய்வகத்தில் இனப்பெருக்கம் செய்யவைத்து, 2019 நவம்பர் முதல் தெற்குக் கலிபோர்னியக் கடலில் விடுகிறார்கள். அப்புறம் கருப்பு: அதற்கு 1993-லேயே பிடிக்கத் தடை. தெற்குக் கலிபோர்னியக் கரைக்கு அப்பாலுள்ள சான் நிக்கோலஸ் தீவில் அதன் எண்ணிக்கை மெல்ல ஏறியிருக்கிறது. அதை உங்கள் தாளில் கட்டாயம் எழுதுங்கள். 'மிக அருகிய இனம்' என்ற வரியில் அது தெரியாது.