பெட்ரோல் செலவைக் குறைக்கணுமா? முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள்

2021 ஜூலையில் சென்னையில் பெட்ரோல் லிட்டர் 100 ரூபாயைத் தாண்டியது. அடுத்த மாதமே மாநில அரசு 3 ரூபாய் குறைத்தது. நவம்பரில் ஒன்றிய அரசு கலால் வரியில் 5 ரூபாய், 2022 மே மாதம் இன்னும் 8 ரூபாய், 2024 மார்ச்சில் எண்ணெய் நிறுவனங்கள் 2 ரூபாய் என்று குறைத்தார்கள். நடுநடுவே விலை ஏறிக்கொண்டும் இருந்ததால், இத்தனைக்கும் பிறகு சென்னையில் வந்து நின்றது 101 ரூபாய்க்குப் பக்கத்தில். கீழே எல்லாக் கணக்குக்கும் 101 என்றே வைத்துக்கொள்கிறேன். உங்கள் ஊர் விலை வேறாக இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

நான் பெருங்களத்தூரிலிருந்து கிண்டிக்கு ஸ்கூட்டரில் வேலைக்குப் போகிறவன். போக வர 36 கிலோமீட்டர். வீட்டில் ஒரு சின்ன பெட்ரோல் காரும் உண்டு. விலை ஏறிய புதிதில் நான் செய்ததெல்லாம் தப்பு. எந்த பங்கில் 20 பைசா குறைவு என்று தேடினேன், விடியற்காலையில் போய் பெட்ரோல் போட்டேன், 100 என்ற முழு எண்ணுக்குப் போட்டால் அளவில் ஏமாற்றுவார்கள் என்று நம்பி 110 ரூபாய்க்குப் போட்டேன். ஒரு வருஷம் கழித்துதான் புரிந்தது: மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் பங்க் இல்லை, ஆக்சிலேட்டரைத் திருகும் என் வலது கை. கார் ஓட்டுகிறவர்களுக்கு வலது கால்.

படி 1: உங்கள் வண்டி உண்மையில் எவ்வளவு கொடுக்கிறது?

இதை மட்டும் தாண்டிப் போய்விடாதீர்கள். மைலேஜ் எவ்வளவு என்று கேட்டால் பெரும்பாலானோர் ஷோரூமில் சொன்ன எண்ணைத்தான் சொல்வார்கள். அது சோதனைக்கூடத்து எண். பல்லாவரம் சிக்னலில் நின்று வந்த எண் அல்ல.

அளப்பது சுலபம். ஒரு பங்கில் ஃபுல் டேங்க் போடுங்கள். நாசில் தானாக 'டக்' என்று நிற்குமே, அத்தோடு நிறுத்தச் சொல்லுங்கள். ஸ்கூட்டராக இருந்தால் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, மூடிக்குக் கீழே உள்ள தகடு வரைக்கும் மட்டும். ஓடோமீட்டர் (வண்டி மொத்தம் ஓடிய கிலோமீட்டர்) எண்ணை நோட்டில் எழுதுங்கள். வழக்கம்போல ஓட்டுங்கள். டேங்க் பாதிக்குக் கீழே இறங்கியதும் அதே பங்கில், முடிந்தால் அதே நாசிலில், மறுபடி அதே அளவுக்கு ஃபுல் டேங்க். இப்போது எத்தனை லிட்டர் பிடித்தது என்று பில்லில் இருக்கும்.

என் நோட்டின் முதல் பக்கம் இப்படி இருக்கிறது: முதலில் 18,240. அடுத்து 18,438. ஓடியது 198 கிலோமீட்டர், பிடித்தது 4.4 லிட்டர். வகுத்தால் 45. நான் அதுவரை ஊரெல்லாம் 55 என்று சொல்லிக்கொண்டிருந்தேன்!

ஒருமுறை அளந்ததை நம்ப வேண்டாம். மூன்று முறை எடுத்து, மொத்த கிலோமீட்டரை மொத்த லிட்டரால் வகுங்கள். அப்புறம் லிட்டர் விலையை அந்த மைலேஜால் வகுத்தால் ஒரு கிலோமீட்டருக்கு ஆகும் காசு வரும். என் ஸ்கூட்டருக்கு 2 ரூபாய் 25 பைசா. காருக்கு, நகரத்துக்குள் லிட்டருக்கு 14 கிடைக்கிறது என்றால், 7 ரூபாய் 20 பைசா. 'ரெண்டு தெரு தள்ளித்தானே, காரை எடு' என்று வீட்டில் சொல்வது இந்த எண்ணைப் பார்த்த பிறகு பாதியாகக் குறைந்தது.

மைலேஜ் திடீரென்று குறைந்துவிட்டது என்று வண்டியைத் திட்டுகிறவர்களுக்கு ஒரு செய்தி. இப்போது பங்கில் வருவது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் பெட்ரோலைவிட சுமார் மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. பழைய எரிபொருளுக்காகச் செய்த கார்களில் 6 முதல் 7 சதவீதமும், இருசக்கர வண்டிகளில் 3 முதல் 4 சதவீதமும் மைலேஜ் குறையலாம் என்று 2021-இல் வந்த நிதி ஆயோக் அறிக்கையே சொல்கிறது. ஆகவே கொஞ்சம் குறைந்தால் அது வண்டியின் கோளாறு இல்லை. 15, 20 சதவீதம் குறைந்தால் மெக்கானிக்கிடம் போங்கள்.

படி 2: வலது கை

எந்தச் செலவும் இல்லாத படி இது. செய்வதற்குக் கஷ்டமான படியும் இதுதான், ஏனென்றால் மாற்ற வேண்டியது நம்முடைய பழக்கத்தை.

வண்டி வேகம் எடுக்கும்போதுதான் பெட்ரோலை அதிகம் குடிக்கிறது. பிரேக் பிடிக்கும்போது, அப்படிக் குடித்ததை எல்லாம் சூடாக்கிக் காற்றில் விட்டுவிடுகிறோம். சிக்னலில் பச்சை விழுந்ததும் முறுக்கிக்கொண்டு பறந்து, 200 மீட்டர் தள்ளி அடுத்த சிவப்பில் பிரேக் அடிப்பவரைக் கவனியுங்கள். மெதுவாக வந்த நீங்களும் அதே சிவப்பில் அவர் பக்கத்தில்தான் நிற்பீர்கள். நகர நெரிசலில் இப்படி முரட்டுத்தனமாக ஓட்டினால் மைலேஜ் 10 முதல் 40 சதவீதம் வரை அடிவாங்கும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறை சொல்லும் கணக்கு. இந்தப் பதிவில் வேறு எந்தப் படிக்கும் இவ்வளவு பெரிய எண் கிடையாது.

பழகுவதற்கு ஒரு வழி சொல்கிறேன். ஒரு வாரம், பிரேக்கைத் தொடவே கூடாது என்று நினைத்துக்கொண்டு ஓட்டிப் பாருங்கள். (தேவைப்பட்டால் தாராளமாகப் பிடியுங்கள், நினைப்புதான் முக்கியம்.) அப்போது கண் தானாகவே நாலு வண்டி தள்ளிப் பார்க்கும். தூரத்தில் சிவப்பு தெரிந்தால் இங்கேயே ஆக்சிலேட்டரை விட்டுவிடுவீர்கள். முன்னால் போகும் ஷேர் ஆட்டோவோடு இடைவெளியும் வந்துவிடும்.

ஜிஎஸ்டி ரோட்டில் செங்கல்பட்டைத் தாண்டிக் காரில் போகிறவர்களுக்கு: காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடியாக ஏறும். 80-இல் போவதைவிட 100-இல் போகும்போது அது ஒன்றரை மடங்குக்கும் மேல். திண்டிவனத்துக்கு ஒரு பத்துப் பன்னிரண்டு நிமிஷம் முன்னால் போய் என்ன செய்யப் போகிறோம், ஒரு காபி குடிப்போம். அந்தக் காபி விலை ஏற்கெனவே டேங்கில் போய்விட்டது.

கியர் வண்டிக்காரர்கள் ஹாஃப் கிளட்சில் நகர்த்துவதை விட வேண்டும். இஞ்சின் திணறாத அளவுக்குச் சீக்கிரமே அடுத்த கியருக்குப் போகலாம். அரை நிமிஷத்துக்கு மேல் நிற்கப் போகிற சிக்னலில் இஞ்சினை அணைத்துவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. மலை இறங்கும்போது நியூட்ரலில் விட்டால் மிச்சம் என்று சொல்லும் பெரியவர்கள் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள், எங்கள் சித்தப்பா உட்பட. கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் பழைய கருவி) காலத்தில் ஏதோ கொஞ்சம் உண்மை இருந்திருக்கலாம். இப்போதைய ஃபியூயல் இஞ்செக்‌ஷன் கார்களில் கியரில் வைத்துக்கொண்டு ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், பெட்ரோல் போவதே நின்றுவிடும். நியூட்ரலிலோ இஞ்சின் அணையாமல் இருக்க ஊற்றிக்கொண்டேதான் இருக்கும். அது மட்டுமா, ஊட்டி, ஏற்காடு பாதையில் நியூட்ரலில் இறங்கினால் இஞ்சின் பிடிப்பு போய், பாரம் முழுக்க பிரேக்கில் விழுந்து, பிரேக் சூடாகிக் கைவிட்டுவிடும். காசுக்காக உயிரை வைத்து விளையாட வேண்டாம்.

படி 3: காற்று, செயின், பிரேக்

பதினைந்து நாளுக்கு ஒருமுறை காற்று பாருங்கள். பங்கிலேயே இலவசம். காலையில் டயர் சூடாகும் முன் பார்த்தால்தான் அளவு சரியாக வரும். எவ்வளவு என்பது காரில் டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் ஸ்டிக்கரில் இருக்கும், பைக்குக்குக் கையேட்டில் இருக்கும். பின்னால் ஆள் உட்கார்ந்தால் பின் டயருக்கு வேறு அளவு என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு பிஎஸ்ஐ (டயர் காற்றழுத்த அளவு) குறைந்தால் மைலேஜ் 0.2 சதவீதம்தான் குறையும், ஆனால் டியூப்லெஸ் டயரில் பத்து பிஎஸ்ஐ இறங்கியிருந்தாலும் நமக்குத் தெரியாது. டயர் தேய்வதையும் சேர்த்தால் இது லாபமான வேலை.

பைக் செயின் வறண்டோ தொங்கிக்கொண்டோ இருந்தால் சரி செய்யுங்கள். வண்டியைத் தள்ளும்போது பிரேக் உரசுகிறதா பாருங்கள். என் ஸ்கூட்டரின் பின் பிரேக் இப்படித்தான் மாதக்கணக்கில் லேசாகப் பிடித்துக்கொண்டே ஓடியிருக்கிறது. சர்வீஸ் விட்ட இடத்தில் டைட் வைத்துக் கொடுத்ததை நானும் கவனிக்கவில்லை.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ் 6 (புதிய புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டியில், 'கார்புரேட்டர் டியூன் பண்ணி மைலேஜ் ஏத்தித் தர்றேன்' என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள். பெரும்பாலானவற்றில் கார்புரேட்டரே கிடையாது, இஞ்செக்‌ஷன்தான். டேங்கில் போடும் மாத்திரை, பெட்ரோல் குழாயில் மாட்டும் காந்தம் எல்லாம் அதே ரகம்.

படி 4: பங்கில் ஏமாறாமல் இருக்க

மீட்டரில் ஜீரோ பாருங்கள். பேச்சுக் கொடுத்தாலும் கண் மீட்டரிலேயே இருக்கட்டும். பில் கேட்டு வாங்குங்கள். அளவில் சந்தேகம் வந்தால், முத்திரையிட்ட 5 லிட்டர் அளவுப் பாத்திரத்தில் பிடித்துக் காட்டச் சொல்லும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. கலப்படச் சந்தேகத்துக்கு ஃபில்டர் பேப்பர் கேளுங்கள். ஒரு சொட்டு விட்டு அது ஆவியான பிறகு கறை நிற்கக் கூடாது. இவ்வளவு போதும்.

விடியற்காலையில் போட்டால் அதிகம் கிடைக்கும் என்பது நடைமுறையில் ஒன்றுமில்லை. பெட்ரோல் ஒரு டிகிரிக்கு 0.1 சதவீதம்தான் விரியும், அதிலும் பங்கின் தொட்டி பூமிக்கு அடியில் இருக்கிறது. 110 ரூபாய்க்குப் போடுவதும் அப்படித்தான். ஏமாற்ற நினைப்பவனுக்கு 110 ஒரு தடையா?

புதுச்சேரியில் வாட் (விற்பனை வரி) குறைவு என்பதால் அங்கே பெட்ரோல் லிட்டருக்குச் சில ரூபாய் மலிவு. அந்தப் பக்கம் போனால் நிரப்பிக்கொண்டு வாருங்கள். அதற்காகவே போகாதீர்கள். ஸ்கூட்டர் டேங்க் 5 லிட்டர், லிட்டருக்கு 5 ரூபாய் மிச்சம் என்றே வைத்தாலும் 25 ரூபாய். பத்து கிலோமீட்டர் போய்த் திரும்பினாலே 45 ரூபாய் பெட்ரோல்.

படி 5: எடுக்காத வண்டி

நோட்டில் இன்னொரு பத்தி சேருங்கள்: எங்கே போனேன், எதற்கு. ஒரு மாதம் எழுதினால் போதும். எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரே கடைத்தெருவுக்கு ஒரே நாளில் மூன்று முறை: மாவு, மருந்து, மறந்துபோன மல்லித்தழை. இஞ்சின் சூடாவதற்குள் முடிந்துவிடும் இந்தக் குட்டிப் பயணங்களில்தான் மைலேஜ் ரொம்ப மோசம். இப்போது ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. தேவையானதை எழுதிவைத்து, மாலையில் வேலை முடிந்து திரும்பும் வழியில் வாங்கி வருகிறேன். மல்லித்தழைக்கு நடை.

வேலைக்குப் போவதைப் பார்ப்போம். மாதம் 24 நாள் என்றால் எனக்கு 864 கிலோமீட்டர், 45 மைலேஜில் சுமார் 1,940 ரூபாய். கை பழகிய பிறகு மைலேஜ் 52 ஆனது, அதனால் 1,680. அதே தூரம் காரில் என்றால் 6,200-ஐத் தாண்டும். எம்டிசியில் (சென்னை மாநகரப் பேருந்து) மாதம் முழுக்க எங்கும் போகும் பாஸ் 1,000 ரூபாய். வாரத்தில் இரண்டு நாள் ஸ்டேஷன் வரைக்கும் ஸ்கூட்டர், அங்கிருந்து மின்சார ரயில் என்று மாற்றினேன். செங்கல்பட்டு ரயில் கூட்டமாகத்தான் வரும், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் மழை நாளில் குரோம்பேட்டையில் நிற்பதற்கு அது தேவலை. வீட்டில் பெண்களுக்கு 2021 மே முதல் சாதாரணக் கட்டணப் பேருந்தில் டிக்கெட்டுக்குக் காசே இல்லை. அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

காரில் போகும் அலுவலக நண்பர்கள் மூன்று பேர் ஒரே பக்கம் என்றால், ஆளுக்கு ஒரு வாரம் என்று முறை வைத்துக்கொள்ளுங்கள். காசு வசூல் செய்யும் ஏற்பாடு வேண்டாம். சொந்த உபயோக வண்டியில் வாடகை வாங்கினால் சட்டச் சிக்கல், நட்புக்கும் சிக்கல்.

படி 6: மின்சார ஸ்கூட்டர் வாங்கலாமா?

இதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. நோட்டு இல்லாமல் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது.

3 யூனிட் பேட்டரி உள்ள ஸ்கூட்டர் நகரத்தில் சுமார் 90 கிலோமீட்டர் ஓடும் என்று வையுங்கள். சார்ஜ் ஏறும்போது ஆகும் இழப்பையும் சேர்த்து மூன்றரை யூனிட். என் 864 கிலோமீட்டருக்கு மாதம் 34 யூனிட் வருகிறது. யூனிட் 6 ரூபாய் என்றாலும் 200 ரூபாய் சொச்சம். பெட்ரோலோடு ஒப்பிட்டால் மாதம் 1,450 ரூபாய்க்கு மேல் மிச்சம். என்னைப் போல தினம் 36 ஓட்டுபவருக்கு யோசிக்க வேண்டிய தொகை. தினம் பத்து கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு மாதம் நானூறு ரூபாய்தான் மிச்சமாகும். அதற்காக நன்றாக ஓடும் வண்டியை விற்றுவிட்டு லட்ச ரூபாய் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இன்னொன்றை ஷோரூமில் சொல்ல மாட்டார்கள். நம் ஊரில் வீட்டு மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. 500 யூனிட்டைத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை கூடாது, கீழே உள்ள சில யூனிட்டுகளுக்கும் சேர்த்துக் கூடிவிடும். ஸ்கூட்டர் இரண்டு மாதத்துக்கு 68 யூனிட் சேர்க்கும். கோடையில் ஏசி போட்டு 460-இல் நிற்கிற வீடு என்றால் கதை மாறிவிடும். ஷோரூமுக்குப் போவதற்கு முன்னால் கடந்த ஒரு வருஷத்து ஆறு கரண்ட் பில்லையும் எடுத்து, ஒவ்வொன்றிலும் 68-ஐக் கூட்டிப் பாருங்கள்.