ஸ்லாப் வாசிக்க டபுள் பேஸைத் தயார் செய்வது எப்படி

டபுள் பேஸ் என்பது நின்றுகொண்டு வாசிக்கும், ஆள் உயர வயலின் போன்ற வாத்தியம். அதன் தந்தியை வெளிப்பக்கமாக இழுத்து விட்டால், அது திரும்பி வந்து தந்திக்கு அடியில் உள்ள நீண்ட பலகையான ஃபிங்கர்போர்டில் மோதி 'டக்' என்கிறது. அடுத்து உள்ளங்கையால் அதே பலகை மேல் ஓர் அடி, இன்னொரு 'டக்'. ஸ்லாப் என்பது அவ்வளவுதான். நியூ ஆர்லியன்ஸில் பாப்ஸ் ஃபாஸ்டர் போன்றவர்கள் ஜாஸின் தொடக்க நாட்களிலேயே இப்படி வாசித்தார்கள். 1954இல் மெம்ஃபிஸ் சன் ஸ்டுடியோவில் எல்விஸ் பிரெஸ்லியின் முதல் இசைத்தட்டு பதிவானபோது டிரம்ஸ் கிடையாது. பில் பிளாக்கின் பேஸ்தான் தாளத்தையும் சேர்த்துப் பிடித்தது.

அந்தச் சத்தம் என் பேஸில் வராமல் மாதக்கணக்கில் கையைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். குறை பேஸை அமைத்திருந்த விதத்தில் இருந்தது. உங்களிடம் முக்கால் அளவு (பெரியவர்கள் வழக்கமாக வாசிக்கும் அளவு) பேஸ் இருக்கிறது, நான்கு தந்திகளையும் ஈ-ஏ-டி-ஜி என்று சுருதி சேர்க்கத் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பிளைவுட் பேஸ் என்றால் கவலையே வேண்டாம். அடி தாங்கும், ஆம்ப்ளிஃபையர் பக்கத்தில் வைத்தாலும் சுலபமாக ஊளையிடாது. ஸ்லாப்புக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

தந்தி

புது பேஸில் பெரும்பாலும் இரும்புத் தந்திதான் இருக்கும். நான்கும் சேர்ந்து 100 கிலோவுக்கு மேல் இழுக்கும். அதில் அரை மணி நேரம் ஸ்லாப் வாசித்தால் விரல் கொப்பளித்துவிடும். அந்தக் காலத்தில் எல்லோரும் வாசித்தது விலங்குக் குடலில் திரித்த குடல் தந்தி. அதன் தொனிக்கு இன்றும் ஈடு இல்லை. ஆனால் விலை அதிகம், காற்றில் ஈரம் ஏறி இறங்கினாலே சுருதி நகரும். தொடங்குபவர்களுக்கு என் தேர்வு செயற்கைக் குடல் தந்தி. நான் போட்டிருப்பது இன்னொவேஷன் சில்வர் ஸ்லாப். மென்மையானது, கையை வதைக்காது. வில் போட்டும் வாசிக்க வேண்டும் என்பவர்களுக்கு மட்டும் இது சரிவராது.

ஒவ்வொன்றாக மாற்றுங்கள்

இந்த இடத்தில் நிதானமாகப் படியுங்கள். நான் முதல்முறை நான்கு தந்திகளையும் ஒரேயடியாகத் தளர்த்தினேன். தந்திகளைத் தாங்கி மேல்பலகை மேல் நிற்கும் மரத்துண்டான குதிரை சாய்ந்து விழுந்தது. ஒரு நொடி கழித்து பேஸின் வயிற்றுக்குள் 'டொக்' என்று ஒரு சத்தம். உள்ளே கட்டைவிரல் பருமனில் நிற்கும் சவுண்ட்போஸ்ட் விழுந்துவிட்டது.

மேல்பலகைக்கும் பின்பலகைக்கும் நடுவே, ஜி தந்திப் பக்கத்துக் குதிரைக்காலுக்குச் சற்றுக் கீழே நிற்கும் மரக்குச்சி அது. பிரெஞ்சுக்காரர்கள் அதற்கு 'ஆன்மா' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். பசை கிடையாது. தந்திகளின் அழுத்தம்தான் அதை நிறுத்திவைக்கிறது. அது விழுந்த பிறகு தந்தியை மறுபடி முறுக்கினால் மேல்பலகை உள்வாங்கி விரிசல் விடும். விழுந்துவிட்டால் எல்லாத் தந்தியையும் தளர்வாகவே விட்டு, பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோங்கள். நான் கம்பியை வளைத்து நானே நிறுத்தப் பார்த்து, ஒரு நாள் முழுக்கப் போனதுதான் மிச்சம்.

அதனால், தொடங்கும் முன் எஃப் வடிவத் துளை வழியே டார்ச் அடித்து அந்தக் குச்சி எங்கே நிற்கிறது என்று பாருங்கள். குதிரையின் கால்களைச் சுற்றி மேல்பலகையில் மாஸ்கிங் டேப் ஒட்டி இடத்தைக் குறித்துவையுங்கள். ஒரு தந்தியைக் கழற்றி, புதியதை மாட்டி, சுருதிக்குப் பக்கமாக ஏற்றிய பிறகே அடுத்ததைத் தொடுங்கள்.

புதுத் தந்தி பருமன் கூடுதலாக இருக்கும், நட்டின் (ஃபிங்கர்போர்டின் மேல்முனையில் தந்திகள் உட்காரும் சின்னக் கட்டை) பள்ளத்தில் சரியாக உட்காராது. முறுக்கும்போது 'டிங்' என்று துள்ளினால் அது பள்ளத்தில் சிக்குகிறது என்று அர்த்தம். பென்சில் கரியைத் தேய்த்துப் பாருங்கள். அதற்கும் அடங்காவிட்டால் பள்ளத்தை அரத்தால் அகலப்படுத்த வேண்டும். அதை விவரம் தெரிந்தவரிடம் விடுவது நல்லது. ஆழமாகப் போய்விட்டால் நட்டையே மாற்ற வேண்டிவரும்.

உயரம்

தந்தி எவ்வளவு தாழ்வோ அவ்வளவு நல்லது என்று நினைத்துத் தாழ்த்திக்கொண்டே போனேன். கடகடவென்ற சத்தம் மட்டும் மிஞ்சியது, ஸ்வரம் காணாமல் போனது. தந்திக்கு அடியில் விரலை நுழைத்து இழுக்க இடம் வேண்டும். மென்மையான தந்தி அகலமாக ஆடும், அதற்கும் இடம் வேண்டும். ஃபிங்கர்போர்டு முடியும் இடத்தில் ஸ்கேல் வைத்து, பலகையிலிருந்து தந்தியின் அடிப்பக்கம் வரை அளந்து பாருங்கள். ஜி 7 மில்லிமீட்டர், ஈ 10 மில்லிமீட்டர். என் பேஸ் இதில்தான் பேசியது. அங்கிருந்து அரை மில்லிமீட்டர் கூட்டிக் குறைத்துப் பாருங்கள். குதிரைக்காலில் உயரத்தைக் கூட்டிக் குறைக்க உள்ள சக்கரத்தைத் திருப்பும் முன் தந்திகளைக் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். கொஞ்சமாக மட்டும்.

செயற்கைத் தந்தி ஒரு வாரம் நீண்டுகொண்டே இருக்கும். ஒவ்வொரு முறை முறுக்கும்போதும் குதிரையின் தலை ஃபிங்கர்போர்டு பக்கம் சாயும். கவனிக்காவிட்டால் ஒருநாள் படாரென்று விழும். குதிரையில் டெய்ல்பீஸைப் (தந்திகளின் கீழ்முனை மாட்டியிருக்கும் துண்டு) பார்க்கும் முகம் மேல்பலகைக்குச் செங்குத்தாக இருக்கிறதா என்று தினமும் ஒரு விசிட்டிங் கார்டின் மூலையை வைத்துப் பாருங்கள். சாய்ந்திருந்தால் இரண்டு கையாலும் பிடித்து மெதுவாகப் பின்னால் இழுங்கள்.

பின்சேர்க்கை

குதிரையில் சக்கரமே இல்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். விலை குறைந்த பேஸ்களில் அப்படித்தான் வரும். பழுது பார்ப்பவரிடம் சொன்னால் கால்களை அறுத்துப் பொருத்தித் தருவார். என்னைக் கேட்டால் தந்திக்கு அடுத்த செலவு இதற்குத்தான்.

விரல் கறுப்பாகிறது என்றும் ஒரு கேள்வி வந்தது. உங்கள் ஃபிங்கர்போர்டு அநேகமாகக் கருங்காலி இல்லை, சாயம் பூசிய வேறு மரம். வாசிக்கத் தடை இல்லை, சாயம் போகப்போகக் குறையும்.

மேடையில் 'டக்' கேட்கவில்லை என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். குதிரையில் உள்ள பிக்கப் (அதிர்வை மின்சைகையாக மாற்றி ஆம்ப்ளிஃபையருக்கு அனுப்பும் கருவி) ஸ்வரத்தைத்தான் நன்றாக எடுக்கும். ஃபிங்கர்போர்டின் முனையில் இன்னொன்று வேண்டும். இரண்டுக்கும் தனித்தனி வால்யூம் உள்ள ப்ரீஆம்ப் (ஆம்ப்ளிஃபையருக்கு முன்னால் இணைக்கும் சிறு பெட்டி) வாங்குங்கள். அதன் உள்ளீட்டு மின்மறுப்பு (இன்புட் இம்பிடன்ஸ்) குறைந்தது 1 மெகாஓம் இருக்கட்டும், இல்லையென்றால் பீசோ வகை பிக்கப்பில் அடித்தொனி மெலிந்துவிடும். முதலில் ஃபிங்கர்போர்டு வால்யூமைச் சுழியத்தில் வைத்துக்கொண்டு, குழுவோடு வாசிக்கும்போது 'டக்' காதில் விழும்வரை மெல்ல ஏற்றுங்கள்.