பழைய படத்தை இப்படிப் பார்க்காதீர்கள்

போன வாரம் அசோக் நகரில் நண்பர் வீட்டில், கல்லூரிப் பையன்கள் நாலைந்து பேர் ஜப்பானிய இயக்குநர் ஓசுவின் ‘டோக்கியோ ஸ்டோரி’யைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஐந்தாவது நிமிடம் ஒருவன் ரிமோட்டை எடுத்தான். எந்த பட்டனை அமுக்கப் போகிறான் என்று எனக்குத் தெரியும். நானும் அமுக்கியவன்தான். போனை அணைத்து வைப்பது, டப்பிங்கைத் தவிர்ப்பது எல்லாம் உங்களுக்கே தெரிந்த விஷயம், விட்டுவிடுகிறேன்.

திரையை நிரப்புவது

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். பழைய படம் ஏறக்குறைய சதுரமாக வரும், இரு பக்கமும் கறுப்புப் பட்டை நிற்கும். இவ்வளவு பெரிய டிவி வாங்கியது எதற்கு என்று ஜூமோ ஸ்ட்ரெச்சோ போட்டுவிடுவோம்.

மௌனப் படங்களில் சட்டகத்தின் (ஃபிரேம்) அகலம் உயரத்தைப்போல 1.33 மடங்கு. பேசும் படம் வந்ததும் ஃபிலிமில் ஒலிப்பதிவுக்கும் இடம் விடவேண்டியிருந்தது. 1932இல் ஹாலிவுட் 1.37 என்று முடிவுசெய்தது. அகலத் திரை மோகம் 1953இல் சினிமாஸ்கோப்போடுதான் சூடுபிடித்தது. தமிழுக்கு அது வந்து சேர்ந்தது 1973இல், ‘ராஜராஜ சோழன்’ படத்தில். ஓசு கடைசிவரை அந்தப் பக்கமே போகவில்லை. இன்றைய டிவியோ 1.78. ஸ்ட்ரெச் போட்டால் எல்லாரும் 30 சதவீதம் பருத்துப்போவார்கள். ஜூம் போட்டால் மேலும் கீழுமாகப் படத்தில் கிட்டத்தட்ட கால் பங்கு காலி.

கே.கே.நகர் மொட்டை மாடியில் நான் முதன்முதலாகப் பத்துப் பேரைக் கூட்டிக் காட்டியதும் இதே ‘டோக்கியோ ஸ்டோரி’தான். வாடகை புரொஜெக்டர், திரைக்கு எட்டு முழ வேட்டி. வேட்டியின் இரு ஓரமும் வீணாகிறதே என்று ஜூம் போட்டேன். ஓசு, பாயில் உட்கார்ந்திருப்பவரின் கண்மட்டத்துக்கும் கீழே கேமராவை வைப்பவர். தரையும் பாயும் கதவுச் சட்டமும் அவர் அளந்து வைத்தவை. அதையெல்லாம் நான் வெட்டி எறிந்திருந்தேன். சப்டைட்டிலின் இரண்டாம் வரி வேட்டிக்குக் கீழே கைப்பிடிச் சுவரில் ஓடியது. பக்கத்து வீட்டு மாமி முடியும்வரை பொறுமையாகப் பார்த்துவிட்டு, “பெத்தவாள பிள்ளைங்க கவனிக்கலை, அது புரியறது. ஏன் ஒருத்தருக்கும் நெத்தியே இல்லை?” என்றார். 136 நிமிடப் படம். மாமிக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

சரி, என்ன செய்யலாம்? ஓடிடியில் பெரும்பாலும் கறுப்புப் பட்டையும் படத்தோடு சேர்ந்தே வரும். டிவியை 16:9இலேயே விடுங்கள், 4:3 போட்டால் ஆட்கள் ஒல்லியாகிவிடுவார்கள். பழைய டிவிடிக்குத்தான் 4:3 தேவைப்படும். சந்தேகம் வந்தால் தட்டு, கடிகாரம் எதையாவது பாருங்கள். ‘பைசிக்கிள் தீவ்ஸ்’ என்றால் வேலை சுலபம்: சக்கரம் வட்டமாக இருந்தால் போதும்.

டிவியின் வழவழப்பு

படம் நொடிக்கு 24 சட்டகம். இடையிடையே டிவி புதுச் சட்டகங்களைத் தானாக உருவாக்கிச் செருகும் வசதியை அணைத்துவிடுங்கள். இன்னொரு ஜப்பானிய இயக்குநரான குரோசவாவின் படம் மெகா சீரியல்போலத் தெரிவது அதனால்தான்.

“இதைத்தானே நம்ம ஆள் எடுத்தாரு?”

குரோசவாவின் ‘ராஷோமோன்’ 1950, எஸ்.பாலசந்தரின் தமிழ்ப் படம் ‘அந்த நாள்’ 1954. பொறி அங்கிருந்து வந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் பார்க்கும்போதே எது எங்கிருந்து வந்தது என்று கணக்குப் போட்டால் இரண்டுமே கைநழுவிவிடும். குரோசவா உண்மை எது என்று முடிச்சை அவிழ்க்காமலே விடுகிறார். பாலசந்தர் பாட்டே இல்லாமல் எடுத்து, கொலையாளியையும் காட்டிவிடுகிறார். யார் என்று கேட்காதீர்கள்.

ஒரே நாளில் நாலு படம்

ஒரு டிசம்பர் திரைப்பட விழாவில் செய்தேன். எந்தப் படத்தில் யார் செத்தார்கள் என்று இன்றும் குழப்பம்.

ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓசு

வேண்டாம்.