சிறிய வரலாற்று அருங்காட்சியகம் தொடங்குபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊர் வரலாற்றுக்கென்று புதிதாக அருங்காட்சியகம் தொடங்குபவர்களைப் பார்த்தால் மகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனால் இந்த வேலையில் பழையவர்கள் பட்டுத் தெரிந்துகொண்ட தவறுகளையே இவர்களும் செய்கிறார்கள். தூசி தட்டுவதும் பூட்டுப் போடுவதும் எல்லாருக்கும் தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

பொருளை வாங்கி, விவரத்தை விடுவது

எனக்கு இன்றும் எரிச்சல் தருவது இதுதான். ஒரு மூதாட்டி, கணவர் வேலை பார்த்த ஆலையின் குழுப் புகைப்படத்தை ஓர் அருங்காட்சியகத்தில் கொடுத்தார். ஒவ்வொரு முகத்தையும் விரலால் தொட்டுப் பெயர் சொன்னார். யார் யாருக்கு மைத்துனர் என்பது வரை. வாங்கியவர் ஆர்வமாகக் கேட்டார், அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். மூதாட்டி காலமானார். விளக்க அட்டையில் மிஞ்சியது ‘ஆலைத் தொழிலாளர்கள், பழைய படம்’ மட்டும். பிறகு பேரன் வந்து, “பாட்டி இரவலாகத்தான் கொடுத்தார்” என்றார். இல்லை என்று சொல்லக் கையில் ஒரு தாளும் இல்லை. படம் போனது. அங்கே கொடுத்தால் எதற்கும் கணக்கில்லை என்ற பேச்சும் பரவியது.

கொடுப்பவர் எதிரில் இருக்கும்போதே படிவத்தை எழுதுங்கள்: பெயர், முகவரி, தேதி, அன்பளிப்பா இரவலா, இருவர் கையெழுத்து. நகல் ஒன்று அவருக்கு. இரவல் என்றால் திருப்பித் தரும் தேதி கட்டாயம். அவர் சொல்வதை, அவரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு, போனில் பதிவு செய்யுங்கள். அன்றே பதிவேட்டில் எண் கொடுங்கள். 2024.7.3 என்றால் 2024ஆம் ஆண்டின் ஏழாவது வரவு, அதில் மூன்றாவது பொருள். பொருளே போனாலும் அந்த எண்ணை வேறொன்றுக்குத் தராதீர்கள். புகைப்படத்தின் பின்பக்க ஓரத்தில் மென்மையான பென்சிலால் எண்ணை எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனாவின் அழுத்தம் முன்பக்கம் தெரியும். பதிவேட்டின் நகல் வேறொரு கட்டடத்தில் இருக்கட்டும்.

லேமினேஷன்

கூடவே கூடாது.

வெளிச்சம்

காகிதத்துக்கும் துணிக்கும் 50 லக்ஸ் (பொருள்மேல் விழும் வெளிச்சத்தின் அளவு) போதும். மங்கிய நிறம் திரும்பாது. சுவரில் நகலை மாட்டுங்கள்.

வருவதையெல்லாம் வாங்குவது

எதை வாங்குவோம், எதை வாங்கமாட்டோம் என்று ஒரு பக்கம் எழுதி வையுங்கள். மறுக்கும்போது அதைக் காட்டலாம்.

ஊர்மக்களை வெறும் பார்வையாளராக நினைப்பது

சர்வதேச அருங்காட்சியக அமைப்பான ஐகாம் 2022இல் ஏற்ற வரையறையிலேயே சமூகங்களின் பங்கேற்பு இடம்பெற்றிருக்கிறது. சிறிய இடத்துக்கு இது எளிது. ஆள் தெரியாத படங்களின் நகல்களை மேசையில் பரப்பி, பென்சில்களும் வைத்து, ஒரு மாலை பெரியவர்களை அழையுங்கள். அடையாளம் சொன்னவர் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். ஒரே முகத்துக்கு இருவர் வெவ்வேறு பெயர் சொன்னால், சரி, இரண்டையும் எழுதி வையுங்கள்.