மூத்திரப்பை கேன்சர் ஆபரேஷன்: எங்க வீட்டுல நாங்க பண்ண தப்ப நீங்க பண்ணாதீங்க

எங்க பெரியப்பாவுக்கு பாலக்கோடு பக்கம், விடிகாலைல தக்காளி மண்டிக்கு லோடு ஏத்தினு போறவரு, இருவது வயசுலேந்து பீடி. ஒருநாள் ஒண்ணுக்கு போனப்ப டிகாக்ஷன் கலர்ல வந்துச்சு, வலின்னு ஒண்ணுமே இல்ல, ரெண்டு நாள்ல தானா நின்னும் போச்சு. வெயில்ல அலையறாரு, சூடு புடிச்சிருக்குன்னு பெரியம்மா வெந்தயம் ஊறவெச்சு குடுத்தாங்க, நாங்க எளநீ வாங்கி குடுத்தோம், ரெண்டு மாசம் கழிச்சு மறுபடி வந்தப்ப நீர்க்கடுப்புன்னு ஆன்டிபயாடிக் சாப்ட்டாரு, அதுவும் நின்னுச்சு, இப்படியே எட்டு மாசம் ஓடிப்போச்சு.

வலி இல்லாம ரத்தம் வந்து தானா நிக்கறதுதான் இந்த நோயோட கொணமே. மருந்துல சரியாச்சுன்னு நெனைச்சோம், அது நாங்க ஒண்ணும் குடுக்காம இருந்திருந்தாலும் நின்னிருக்கும். பீடி சிகரெட் புடிக்கிற, நாப்பது வயசு தாண்டுன ஆளுக்கு ஒரே ஒரு தடவ ரத்தம் போனாலும் யூராலஜி டாக்டர்ட்ட போயிடுங்க, வயித்து ஸ்கேன் நார்மல்னு வந்தாலும் விட்டுடாதீங்க, சின்ன கட்டி ஸ்கேன்ல தெரியாமப் போகும், உள்ள கேமரா விட்டு பாக்குற சிஸ்டோஸ்கோப்பிலதான் தெரியும்.

இப்ப சொல்லப்போறதுதான் எங்களுக்கு ரொம்ப நாள் ஆறாத விஷயம். மொதல்ல பண்றது வயித்த கிழிக்காம, மூத்திர வழியாவே கருவி விட்டு கட்டிய சுரண்டி எடுக்கற ஆபரேஷன், டியூஆர்பிடின்னு எழுதுவாங்க. ரெண்டு மூணு நாள்ல டிஸ்சார்ஜ் ஆயிடுவாங்க, அதனால எல்லாரும் கட்டிய எடுத்தாச்சுன்னு நிம்மதி ஆயிடறாங்க. ஆனா அது வைத்தியம் மட்டும் இல்ல, நோய் எவ்ளோ ஆழம் போயிருக்குன்னு அளக்கறதும் அதுலதான். மூத்திரப்பை சுவர்ல உள்ள மெல்லிசா ஒரு தோல், அதுக்கு கீழ ஒரு படலம், அதுக்கும் கீழ கெட்டியான தசை. கட்டி மேலோட இருந்தா ஒரு வைத்தியம், தசைக்குள்ள எறங்கியிருந்தா முழுசா வேற வைத்தியம். அந்த ஆழத்த சொல்லணும்னா சுரண்டுன துண்டுல தசையும் வந்திருக்கணும்.

பெரியப்பாவோட பயாப்ஸி ரிப்போர்ட்ல ரெண்டாவது பக்கத்துல ஒரு வரி, 'டெட்ரூசர் மசில் நாட் சீன்', அதாவது சுரண்டுன துண்டுல மூத்திரப்பை தசை இல்லன்னு. அத யாரும் எங்களுக்கு படிச்சு சொல்லல, நாங்களும் கேக்கல, மஞ்சப்பைல ரேஷன் கார்டு ஜெராக்ஸோட சேத்து வெச்சு பீரோல பூட்டிட்டோம். மூணு மாசம் கழிச்சு மறுபடி ரத்தம் வந்து வேற ஊர் ஆஸ்பத்திரிக்கு போனப்ப அங்க ஒரு டாக்டரம்மா பேனாவால அந்த வரிக்கு கீழ கோடு போட்டு, "ரெண்டாவது தடவ எந்த ஆஸ்பத்திரில சுரண்டுனாங்க"ன்னு கேட்டாங்க. நாங்க முழிச்சோம். தசை வரலன்னா தசைக்கு நோய் போகலன்னு அர்த்தம் கெடையாது, அங்க போயி பாக்கவே இல்லன்னு அர்த்தம். அந்த மாதிரி வந்தாலும், இல்ல படலம் வரைக்கும் எறங்கியிருந்தாலும் ரெண்டுலேந்து ஆறு வாரத்துக்குள்ள மறுபடி சுரண்டி பாக்கணும். எங்களுக்கு அப்புறம் பண்ணப்ப தசைல நோய் இருந்துச்சு.

தசை வரைக்கும் போகாம, ஆனா மோசமான ரகமா இருக்கறவங்களுக்கு பிசிஜி மருந்த டியூப் வழியா மூத்திரப்பைக்குள்ள விடுவாங்க, வாரம் ஒண்ணுன்னு ஆறு. எரிச்சலா இருக்கு, ஜொரம் வருதுன்னு அதோட நிறுத்திடறவங்க இருக்காங்க, ஆனா ஆறோட முடியறதில்ல, ஒரு வருஷத்துலேந்து மூணு வருஷம் வரைக்கும் இடைவெளி விட்டு தொடரணும். மூணாவது மாசத்துலேந்து கேமரா டெஸ்ட்டும் விடக்கூடாது, இது திரும்பத் திரும்ப வர்ற நோய்.

தசைக்குள்ள போயிட்டா மூத்திரப்பையே எடுக்கணும். அதுக்கு முன்னாடி கிட்னி தாங்குற ஆளுக்கு கீமோ குடுக்கறதுல ஆயுசு கூடுதுன்னு தெரிஞ்ச விஷயம், பயந்துக்கினு வேணான்னு சொல்லாதீங்க. அதே சமயம் கீமோ இல்லாம நேரா ஆபரேஷன்னு முடிவானா மூணு மாசத்துக்கு மேல தள்ளாதீங்க, மாங்கா சீசன் முடியட்டும், பொண்ணு கல்யாணம் ஆகட்டும்னு எங்க பக்கம் தள்ளுவாங்க. செல ஆளுங்களுக்கு பைய எடுக்காம கீமோவும் கரண்டும் (ரேடியேஷன்) சேத்து வெச்சு பாக்கலாம், அதயும் கேளுங்க.

டாக்டர்ட்ட கூச்சப்படாம கேக்க வேண்டியது ஒண்ணு இருக்கு: சார், வருஷத்துக்கு இந்த ஆபரேஷன் எத்தன பண்றீங்க? நெறய பண்ற எடத்துல ஆபரேஷனுக்கப்புறம் சாவு கம்மி. பக்கத்துல இருக்கற நெறிகட்டிங்களயும் சேத்து எடுப்பீங்களான்னும் கேளுங்க. தருமபுரி, கிருஷ்ணகிரிலேந்து பெங்களூரு கிட்வாய், வேலூர் சிஎம்சி, அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட் எல்லாமே பஸ்ஸுல போயிடற தூரந்தான். முதலமைச்சர் காப்பீட்டுல குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரைக்கும் இருக்கு, எந்த ஆஸ்பத்திரில செல்லும்னு அட்மிட் ஆவறதுக்கு முன்னாடியே கேட்டுடுங்க.

வீட்டுக்கு வந்ததுக்கப்புறம் நடக்கற தப்புங்க சத்தமே இல்லாம நடக்கும். மூத்திரம் வெளிய வர சிறுகுடல்ல ஒரு துண்ட வெட்டித்தான் புது வழி போடுவாங்க, அதனால சில வருஷம் போயி செல பேருக்கு பி12 சத்து கொறையும், கை கால் மரத்துப்போகும், வயசாச்சுன்னு விட்டுடுவாங்க. செல பேருக்கு கிட்னிலேந்து வர்ற குழா குடல்ல சேர்ற எடம் சுருங்கி, வலியே இல்லாம கிட்னி வீங்கும். நல்லாத்தான இருக்காருன்னு ஸ்கேன், கிரியாட்டினின், சிடி எதயும் தள்ளிப்போடாதீங்க. பீடிய அன்னிக்கே விட்டுடணும், பெரியப்பா விட ஆறு மாசம் ஆச்சு.

பெரியப்பாவுக்கும் மூத்திரப்பைய எடுத்துட்டாங்க, இப்ப வயித்துல போட்ட ஓட்டை வழியாத்தான் மூத்திரம் வருது. அத புடிக்க வயித்துல ஒட்டற பைல வெள்ளையா சளி மாதிரி வந்தா பயப்படாதீங்க, குடலோட சொபாவம் அது. எங்களுக்கு தொந்தரவு வேற எடத்துல வந்துச்சு. ஆஸ்பத்திரில அளந்து குடுத்த ஓட்டை அளவுக்கே ரெண்டு மாசமா பைய வெட்டி ஒட்டிக்கினு இருந்தோம், ஆனா ஆபரேஷன் வீக்கம் வத்தி வயித்து ஓட்டையோட செவப்பு வாய் சின்னதாயிக்கிட்டே வந்திருக்கு, சுத்தி இடைவெளில மூத்திரம் பட்டு தோல் வெந்துபோச்சு, ராத்திரில பை கழண்டு பாயெல்லாம் நனைஞ்சு அவரு தலைய குனிஞ்சு உக்காந்திருந்தாரு. நர்ஸ் அளக்கற அட்டை ஒண்ண குடுத்து, மொத ரெண்டு மாசம் வாரா வாரம் அளக்கணும்னு சொன்னாங்க. இப்ப பெரியம்மாதான் அளக்கறாங்க, கண்ணாடி போட்டுக்கினு, பிளவுஸ் தைக்கற கத்திரியால வட்டமா வெட்டி, ஓரத்த வெரலால தடவி வழவழன்னு இருக்கான்னு பாத்துட்டுதான் ஒட்டுவாங்க, பை பாதி ரொம்பறதுக்குள்ள காலி பண்ணச் சொல்லி மண்டிக்கு அனுப்புவாங்க.