ஹவாய் லூவாவ்: டிக்கெட் எடுக்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹவாய்க்குச் சுற்றுலா போகிறவர்களின் பட்டியலில் கடற்கரைக்கும் எரிமலைக்கும் அடுத்தபடியாக இருப்பது லூவாவ் என்ற மாலை விருந்து. மாலை வெயிலில் கடலோரப் புல்வெளியில் உட்காரவைத்து, மண்ணுக்குள் வெந்த பன்றி இறைச்சியோடு விருந்து பரிமாறி, இருட்டியதும் மேடையில் ஆட்டமும் பாட்டும் நடத்துவார்கள். ஒருவருக்கு நூறு டாலருக்குக் குறைவாகக் கிடைப்பது அரிது. மேடைக்கு அருகில் நல்ல இருக்கை வேண்டுமென்றால் இருநூறை எட்டிவிடும். வரியும் சேவைக் கட்டணமும் அதற்கு மேல். நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு இது பெரிய செலவு. அவ்வளவு கொடுத்தும் பலர் மனநிறைவில்லாமல் திரும்புகிறார்கள். எந்த லூவாவ், யாருடைய ஆட்டம், என்ன சாப்பாடு என்ற மூன்றையும் விசாரிக்காமல், தங்கும் விடுதி வரவேற்பறையில் கிடைத்த முதல் விளம்பரத் தாளைப் பார்த்து முன்பதிவு செய்வதுதான் பெரும்பாலும் இதற்குக் காரணம்.

எல்லா லூவாவும் ஒன்றுதான் என்று நினைப்பது

இதைத்தான் முதல் தவறு என்பேன். மற்றவற்றில் பாதி இதிலிருந்து பிறப்பவை.

பாலினீசியா ஒரு நாடு அல்ல. வடக்கே ஹவாய், தென்கிழக்கே ராப்பா நூயி என்கிற ஈஸ்டர் தீவு, தென்மேற்கே நியூசிலாந்து என்று மூன்று முனைகளைக் கொண்ட மாபெரும் கடல் முக்கோணம் அது. சமோவா, டோங்கா, டஹிட்டி எல்லாம் அதற்குள் அடக்கம். ஒவ்வொரு தீவுக்கூட்டத்துக்கும் தனி மொழி, தனி ஆட்டம். இடுப்பை மின்னல் வேகத்தில் அசைத்து, பறை அதிர ஆடுவது டஹிட்டியின் ஓட்டேஆ. நாக்கை நீட்டி, தொடையில் அறைந்து, தரை அதிர மிதிப்பது நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகளின் ஹாக்கா. இரு முனையிலும் நெருப்பு எரியும் கத்தியைச் சுழற்றுவது சமோவாவின் கலை; பழைய போர்க்கத்தி ஆட்டத்தோடு நெருப்பைச் சேர்த்தவர் ஃப்ரெடி லெட்டூலி என்ற சமோவக் கலைஞர், 1946-ல், அதுவும் சான் பிரான்சிஸ்கோவில். ஹவாயின் சொந்த ஆட்டம் ஹூலா.

ஆகவே ஹவாயில் நடக்கும் லூவாவ்களில் இரண்டு வகை உண்டு. முழுக்க ஹவாய் மரபோடு நிற்பவை சில. பாலினீசியா முழுவதையும் ஒரே மாலையில் சுற்றிக் காட்டுபவை பல. மாவி தீவின் ஓல்டு லஹைனா லூவாவ் முதல் வகை. அங்கே ஹூலாவும் ஹவாயின் வரலாறும்தான். நெருப்புக் கத்தி கிடையாது. நெருப்பைப் பார்க்க வேண்டும் என்று துடிக்கும் பிள்ளைகளை அங்கே அழைத்துப்போனால் ஏமாந்து போவார்கள். அது அந்த நிகழ்ச்சியின் குறையே அல்ல. மறுபுறம், ஹூலாவுக்காகவே போகிறவர் பல தீவுகளின் கலவை நிகழ்ச்சிக்குப் போனால், அவர் தேடி வந்தது மொத்தமே கால் மணி நேரம்தான் மேடையில் இருக்கலாம். முன்பதிவுக்கு முன் நிகழ்ச்சி விவரத்தைப் படித்து, எதற்காகப் போகிறோம் என்று குடும்பத்துக்குள் பேசி முடிவெடுங்கள்.

ஒவாஹு தீவின் லாயியே ஊரிலுள்ள பாலினீசியப் பண்பாட்டு மையம் தனி ரகம். 1963-ல் மார்மன் திருச்சபை தொடங்கியது. பக்கத்தில் இருக்கும் அவர்களது பல்கலைக்கழக மாணவர்கள் பலர் அங்கே வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறார்கள். ஹவாய், சமோவா, டோங்கா, டஹிட்டி, ஃபிஜி, நியூசிலாந்து என ஆறு தீவுக் கிராமங்களைப் பகலில் சுற்றிப் பார்த்துவிட்டு, மாலையில் விருந்து, இரவில் பெரிய மேடை நிகழ்ச்சி. இங்கே பலரும் செய்யும் தவறு, சாப்பாட்டு நேரத்துக்குப் போய் இறங்குவது. கிராமங்களில் நேரம் செலவிடாதவர்களுக்குப் பாதி டிக்கெட் வீண். இரண்டு விஷயங்களை நினைவில் வையுங்கள்: ஞாயிறன்று திறப்பதில்லை, மது எந்த நாளும் கிடையாது. குடிக்காத குடும்பங்களுக்கு இது நல்ல வசதி என்பது என் எண்ணம். மற்ற பல இடங்களில் மதுவின் விலையும் டிக்கெட்டுக்குள்ளேயே அடங்கியிருக்கும். தொடாதவர்களும் அதற்குச் சேர்த்தே கொடுக்கிறார்கள். குடிப்பவர்களுக்கு 21 வயது நிரம்பியிருக்க வேண்டும், அடையாளச் சான்றும் கையில் இருக்க வேண்டும்.

ஹூலாவை இடைவேளை வேடிக்கையாகப் பார்ப்பது

சாப்பிட்டு முடித்து, தட்டை நகர்த்திவிட்டு, கைபேசியில் மூழ்கியபடி ஹூலா பார்ப்பவர்களைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அந்த ஆட்டம் அவ்வளவு எளிதாக மேடைக்கு வந்துவிடவில்லை. கிறிஸ்தவ சமயத்தைத் தழுவிய அரசி காஅஹுமானு 1830-ல் பொது இடங்களில் ஹூலா ஆடக் கூடாது என்று தடை விதித்தார். ஆசிரியர்கள் வீட்டுக்குள்ளும் ஒதுக்குப்புறத் தீவுகளிலும் மறைவாகக் கற்றுக்கொடுத்து அதைக் காப்பாற்றினார்கள். 1883-ல் தன் முடிசூட்டு விழாவிலும், 1886-ல் ஐம்பதாவது பிறந்தநாள் கொண்டாட்டத்திலும் ஹூலாவை வெளிப்படையாக ஆடவைத்தவர் அரசர் கலாகவுவா. பாதிரிமார்களும் வெள்ளையர் பத்திரிகைகளும் கண்டித்தபோதும் அவர் பின்வாங்கவில்லை.

ஹூலாவில் கஹிக்கோ என்பது பழைய பாணி. தோல்மேளமும் சுரைக்குடுவையும் தாளம் தர, ஆசிரியர் ஓதும் பாட்டுக்கு ஆடுவது. அவுவானா என்பது பிற்காலப் பாணி. கிதாரும் அதன் சிறு வடிவம் போன்ற உக்குலேலேயும் உண்டு, மெல்லிசை உண்டு. இரண்டிலும் பாட்டின் சொற்களைத்தான் கைகள் சொல்கின்றன. மழை, மலை, அலை, மலர், காதலன் பெயர் எல்லாம் விரல்களில் இருக்கும். பரதத்தில் அபிநயம் பார்த்துப் பழகியவர்களுக்கு இது சீக்கிரம் பிடிபடும். இடுப்பை விட்டுக் கைகளைப் பாருங்கள். அறிவிப்பாளர் பாட்டின் பொருளைச் சொல்லும்போது பேசாமல் கேளுங்கள். புல் பாவாடையும் தேங்காய் ஓட்டு மார்க்கச்சும்தான் ஹவாயின் மரபுடை என்று எண்ணி, அவற்றை வாங்கி அணிந்துகொண்டு போகவும் வேண்டாம். ஹூலாவின் பழைய உடை மரப்பட்டைத் துணியும் டீ (ti) என்ற செடியின் (தேயிலை அல்ல) இலையும்தான்.

மேடைக்கு அழைத்தால் தாராளமாகப் போய் ஆடலாம். கேலியாக ஆட்டிக் காட்டுவது மட்டும் கூடாது. புகைப்படத்துக்கு ஃபிளாஷ் வேண்டாம். நெருப்புக் கத்தி ஆடுபவரின் கண்ணில் அது பட்டால் ஆபத்து.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்காமல் போவது

விருந்தின் நடுநாயகம் காலுவா பன்றி. குழி தோண்டி, நம்மூர்ச் சீமைக்கருவேலத்தின் நெருங்கிய உறவான கியாவே மரக்கட்டைகளை எரித்து, எரிமலைக் கற்களைப் பழுக்கக் காய்ச்சி, மேலே நசுக்கிய வாழைத்தண்டையும் டீ இலைகளையும் பரப்பி, பன்றியை வைத்து, ஈரச் சாக்கும் மண்ணும் போட்டு மூடிப் பல மணி நேரம் வேகவைப்பார்கள். அந்த அடுப்புக்கு இமு என்று பெயர். முழுப் பன்றியை வெளியே எடுப்பதை ஒரு சடங்காகவே காட்டுவார்கள். இதைக் காண விரும்பாதவர்கள் அந்த நேரத்தில் கடற்கரைப் பக்கம் நடந்துவிட்டு வரலாம். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். காண விரும்புகிறவர்கள் சீக்கிரம் போக வேண்டும், ஏனென்றால் இது விருந்துக்கு முன்பே முடிந்துவிடும்.

பன்றி சாப்பிடாதவர்கள், சைவர்கள் செய்யும் பெரிய தவறு, மேசையில் உட்கார்ந்த பிறகு பரிமாறுகிறவரிடம் கேட்பது. பீன்ஸில் பன்றிக் கொழுப்பு இருக்கலாம். மெக்ரோனி சாலட்டில் முட்டை கலந்த மயோனேஸ் இருக்கும். 'லாங் ரைஸ்' என்று பெயரிருந்தாலும் அது கோழிச் சாற்றில் வேகும் கண்ணாடி நூடுல்ஸ். லோமி சால்மன் சமைக்காத உப்பு மீன். லாவுலாவு என்பது சேம்பிலைக்குள் பன்றியும் மீனும் வைத்து அவித்தது. அமெரிக்காவில் 'வெஜிடேரியன்' என்று மட்டும் சொன்னால் முட்டை போட்டுவிடுவார்கள். முன்பதிவின்போதே இறைச்சி, மீன், கோழி, முட்டை வேண்டாம் என்று ஒவ்வொன்றாக எழுதி, பதில் வந்த பிறகு பணம் கட்டுங்கள். எல்லோரும் எடுத்துப் போடும் பஃபேயில் ஒரே கரண்டி பல பாத்திரங்களுக்கும் போய்வரும்; அது ஒத்துவராதவர்கள் தட்டில் பரிமாறும் இடமாகத் தேர்ந்தெடுப்பது நல்லது.

சைவர்களுக்கு உறுதியாகக் கிடைக்கக்கூடியவை சர்க்கரைவள்ளிக் கிழங்கும், பெரும்பாலும் தேங்காய்ப்பாலில் செய்யும் ஹவுப்பியா என்ற இனிப்பும், போயும். போய் என்பது நம் சேப்பங்கிழங்கை அவித்து, நீர் விட்டு மசித்து எடுக்கும் ஊதா நிறக் கூழ். ஹவாய் மக்களின் ஆதி உணவு இது. வானத் தந்தை வாக்கேயாவுக்குப் பிறந்து இறந்த முதல் குழந்தையைப் புதைத்த இடத்தில் முளைத்ததுதான் சேம்பு, அடுத்துப் பிறந்த குழந்தையிடமிருந்து வந்தவர்கள்தான் மனிதர்கள் என்பது அவர்களின் கதை. சேம்பு அவர்களுக்கு அண்ணன். போய்க் கிண்ணம் திறந்திருக்கும்போது சண்டை போடக் கூடாது என்ற வழக்கமும் உண்டு. அப்படிப்பட்ட உணவை ஒரு கரண்டி நக்கிவிட்டு 'பசை மாதிரி இருக்கிறது' என்று அவர்கள் காதுபடச் சொல்வதைவிட மரியாதைக் குறைவு வேறில்லை. தனியாகச் சாப்பிட்டால் சப்பென்றுதான் இருக்கும். உப்பு தூக்கலான காலுவா இறைச்சியோடு சேர்த்து உண்பது முறை. சர்க்கரை தூவிச் சாப்பிடுகிறவர்களும் இருக்கிறார்கள். சைவர்கள் அப்படி முயலலாம்.

இந்தப் பந்திக்குப் பின்னால் ஒரு வரலாறும் உண்டு. 1819 வரை ஹவாயில் ஆணும் பெண்ணும் சேர்ந்து உண்ணக் கூடாது. பன்றி, தேங்காய், பெரும்பாலான வாழைப்பழ வகைகள் பெண்களுக்கு விலக்கு. அந்த ஆண்டு இளம் அரசர் இரண்டாம் கமேஹமேஹா அரச குடும்பத்துப் பெண்களோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து உண்டார். அதோடு பழைய விலக்குகள் சரிந்தன. குடும்பமாக ஒரே நீண்ட மேசையில் உட்காரும்போது இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

இன்னொன்று: லாவுலாவுவின் வெளிச்சுற்றாக இருக்கும் டீ இலையைத் தின்னாதீர்கள். அது பொட்டலம், உள்ளே இருக்கும் சேம்பிலைதான் உணவு.

நேரமும் இடமும்

வந்திறங்கிய அன்றே லூவாவ் வைத்துக்கொள்வது வேண்டாம். கோடையில் ஹவாயில் இரவு எட்டு என்றால் நியூயார்க்கில் விடிகாலை இரண்டு மணி. சென்னையிலிருந்து வருபவர்களுக்குப் பதினைந்தரை மணி நேர வேறுபாடு. நெருப்புக் கத்தி கடைசியில்தான் வரும். அதற்குள் பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள். கடைசி மாலைக்குத் தள்ளுவதும் சரியல்ல, மழையால் ரத்தானால் வேறு நாள் கிடைக்காது. தூறலுக்கெல்லாம் நிறுத்த மாட்டார்கள். பணம் திரும்புமா என்பதை முன்பே கேளுங்கள். தீவுகளின் மேற்கு, தெற்குக் கரைகள் பொதுவாக வறண்டவை, கிழக்கும் வடக்கும் ஈரம் மிகுந்தவை. இரவுக் காற்று குளிரும். ஒரு மெல்லிய மேலாடை போதும்.

டிசம்பரில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், ஜூனில் ஏழுக்குப் பிறகு. கடலில் சூரியன் இறங்குவதைப் பார்க்க விரும்புகிறவர்கள் மேற்குக் கரையில் தேட வேண்டும். ஒவாஹுவின் வைகிகியில் தங்கி மேற்கே கோ ஒலினாவுக்குப் போவதென்றால், மாலை நேர நெரிசலை எண்ணிப் புறப்படுங்கள். லாயியேவுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். திரும்பும்போது வாடகைக் கார் எளிதில் கிடைக்காது. பேருந்து வசதியையும் சேர்த்து முன்பதிவு செய்வது பாதுகாப்பு, குடிக்கிறவர்களுக்குக் கட்டாயம்.

விருந்தாளியாக நடந்துகொள்வது

கழுத்தில் மாலை போட்டால் மறுக்காதீர்கள், போட்டவர் முன்னாலேயே கழற்றாதீர்கள். கர்ப்பிணிகளுக்கு முனை கட்டாத மாலை போடுவது அங்குள்ள வழக்கம். அதனால் சொல்லிவிடுவது நல்லது. வாடிய பிறகு குப்பைத் தொட்டியில் எறியாமல், நூலை உருவிவிட்டுப் பூக்களை மண்ணில் சேர்ப்பார்கள்.

மாவிக்குப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 2023 ஆகஸ்டில் லஹைனா நகரின் பெரும்பகுதி தீயில் அழிந்தது. நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அங்கே உங்களுக்குப் பரிமாறுகிறவரோ ஆடுகிறவரோ வீட்டையோ உறவையோ இழந்தவராக இருக்கலாம். ஓல்டு லஹைனா லூவாவ் 2024 மார்ச்சில் மீண்டும் திறந்தது. போங்கள், தாராளமாக டிப்ஸ் கொடுங்கள்; தீயைப் பற்றி அவர்களாகப் பேசினால் ஒழிய நீங்கள் துருவாதீர்கள். எரிந்த தெருக்களைப் படம் எடுக்கவும் போகாதீர்கள்.

விருந்து வேண்டாம், ஹூலா போதும் என்பவர்களுக்கும் வழி உண்டு. கலாகவுவாவின் நினைவாக ஹவாய்த் தீவின் ஹீலோ நகரில் ஈஸ்டரை ஒட்டிய வாரத்தில் மெர்ரி மோனார்க் விழா நடக்கிறது. 1971 முதல் அங்கே நடக்கும் ஹூலா போட்டிதான் அந்தக் கலையின் உச்சமேடை. போட்டி நாள்களுக்கு டிக்கெட் கிடைப்பது கடினம். புதன்கிழமை இரவு நடக்கும், போட்டியில் சேராத ஹோஇக்கே என்ற ஆட்ட நிகழ்ச்சிக்குக் கட்டணம் இல்லை. அந்த வாரம் ஹீலோவில் அறை கிடைப்பது அரிது என்பதால் பல மாதங்களுக்கு முன்பே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.